நூறாவது பாட்டு யார் குற்றம்?

காதலுக்காக உயிரைக் கொடுத்தவன் என்றதும் தமிழ்நாட்டில் முதலில் நாவில் வரும் பெயர் எது? ரோமியோவா? சலீமா? இல்லவே இல்லை. அம்பிகாபதிதான்! பஸ் ஸ்டாண்டில் ஒரு பையன் தலையைப் படிய வாரிக்கொண்டு தனியாக நின்றால் போதும், "என்ன அம்பிகாபதி, அமராவதி இன்னும் வரலையா?" என்று கேலி ஆரம்பித்துவிடும். 2013-ல் தனுஷ் நடித்த இந்திப் படம் ஒன்றைத் தமிழில் கொண்டு வந்தபோதுகூட அதற்கு வைத்த பெயர் 'அம்பிகாபதி'தான். அவ்வளவு தூரம் நமக்குப் பழகிப்போன கதை. ஆனால் பழகிப்போன அளவுக்குப் புரிந்துகொண்டிருக்கிறோமா? இல்லை என்பதுதான் என் கட்சி.

கதை தெரியாத முதலாண்டு நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கவிச்சக்கரவர்த்தி கம்பரின் மகன் அம்பிகாபதி. சோழ மன்னன் குலோத்துங்கனின் மகள் அமராவதி. இருவருக்கும் காதல். விஷயம் அரசன் காதுக்குப் போகிறது. கொதிக்கிறான். கடைசியில் ஒரு நிபந்தனை போடுகிறான். 'சபையிலே சிற்றின்ப வாடை இல்லாமல் தெய்வத்தின் மேல் நூறு பாட்டுப் பாட வேண்டும். பாடினால் பெண். தவறினால் தலை.' அம்பிகாபதி பாடுகிறான். திரைக்குப் பின்னால் அமராவதி எண்ணிக்கொண்டே இருக்கிறாள். முதலில் பாடிய காப்புச் செய்யுளையும் அவள் கணக்கில் சேர்த்துவிடுகிறாள். தொண்ணூற்றொன்பது முடிந்ததும் நூறு ஆயிற்று என்று ஆசையோடு எட்டிப் பார்க்கிறாள். அவளைக் கண்ட அம்பிகாபதி அவள் அழகைப் பாடிவிடுகிறான். அவ்வளவுதான், தலை போய்விட்டது.

இது வரலாறா என்று கேட்டால், கர்ணபரம்பரைக் கதை என்றுதான் சொல்ல வேண்டும். கம்பர் வாழ்ந்தது ஒன்பதாம் நூற்றாண்டா, பன்னிரண்டாம் நூற்றாண்டா என்பதிலேயே அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் மேடையில் இந்தக் கதைக்குச் சாவே கிடையாது. 1937-ல் எல்லிஸ் டங்கன் என்ற அமெரிக்கர் இயக்க, எம்.கே. தியாகராஜ பாகவதர் அம்பிகாபதியாக நடித்துப் படம் வந்தது. 1957-ல் சிவாஜியும் பானுமதியும் நடித்து மறுபடியும் வந்தது. பள்ளி ஆண்டு விழா, கல்லூரி முத்தமிழ் விழா என்று எங்கே ஓரங்க நாடகம் போட்டாலும் இதற்கு ஒரு இடம் உண்டு. நம் மேடையிலும் போட்டோம். அதில் எனக்குக் கிடைத்தது கையில் ஈட்டியோடு ஓரமாக நிற்கும் காவலாளி வேஷம்!

வசனம் இல்லாத வேஷத்தில் ஒரு லாபம், கூட்டத்தை நன்றாகப் பார்க்கலாம். தொண்ணூற்றொன்பதாவது பாட்டு முடிந்து அமராவதி திரையை விலக்கியபோது பின் வரிசையிலிருந்து ஒரே சத்தம்: "ஏய், இன்னும் ஒண்ணு இருக்குடா!" "அந்தப் பொண்ணுக்கு எண்ணவே தெரியலைப்பா!" மொத்த அரங்கமும் சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்புதான் யோசனையைக் கிளப்பியது.

பழி யார் மேல்?

கவனித்துப் பாருங்கள். இந்தக் கதையில் நாம் யாரை எல்லாம் குற்றம் சொல்கிறோம்? முதல் குற்றவாளி அமராவதி. கணக்குத் தெரியாதவள், அவசரக்காரி. இரண்டாவது அம்பிகாபதி. இன்னும் ஒரு பாட்டு பொறுக்க முடியாதவன். மூன்றாவதாக ஒட்டக்கூத்தர். விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் என்று மூன்று சோழர்களின் அவையில் இருந்து 'மூவருலா' பாடிய பெரும் புலவர் அவர். அவரை நாடகக்காரர்கள் கோள் சொல்லும் வில்லனாக்கி விட்டார்கள்.

நாலாவதாக ஒருத்தர் இருக்கிறாரே! சிம்மாசனத்தில் உட்கார்ந்துகொண்டு, 'பாடு, இல்லாவிட்டால் தலையை எடுப்பேன்' என்று சொன்னவர். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. ராஜா என்றால் அப்படித்தான் இருப்பார், பெண்ணைப் பெற்றவர் அல்லவா, சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் அல்லவா என்று சமாதானம் வேறு! ஒரு புலவரை வில்லனாக்கி ராஜாவைக் காப்பாற்றிவிடுவது நம் மேடையின் பழைய பழக்கம்.

நாம் டிப்ளமோ மாணவர்கள். பரீட்சை என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போர்டு எக்ஸாமில் கேள்வித்தாள் எடுப்பவர் ஒருவர், விடைத்தாள் திருத்துபவர் வேறொருவர். பிராக்டிகலுக்கு எக்ஸ்டர்னல் வெளியிலிருந்து வருகிறார். எதற்காக? வேண்டியவன் வேண்டாதவன் பார்க்கக்கூடாது என்பதற்காக. தவறினாலும் அரியர் உண்டு, அடுத்த தடவை எழுதிக்கொள்ளலாம். நம்ம காய்கறி மார்க்கெட்டுக்குத் தக்காளி கொண்டுவரும் விவசாயிகூட, எடை போடும்போது ஒரு கண்ணைத் தராசு மேலேயே வைத்திருப்பார்.

சோழன் சபையில் என்ன நடந்தது? கேள்வித்தாள் எடுத்தவர் பெண்ணின் அப்பா. கண்காணிப்பாளர் அவரே. திருத்துபவரும் அவரே. காப்புச் செய்யுள் கணக்கில் சேருமா சேராதா என்று தீர்மானிப்பவரும் அவரே. அரியர் கிடையாது! இதற்குப் பெயர் பரீட்சையா? தலையை எடுப்பது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டு, அதற்கு ஒரு காரணம் தேடும் ஏற்பாடு இது. அம்பிகாபதி நூறையும் ஒழுங்காகப் பாடியிருந்தால் நூற்றொன்றாவதாக வேறு ஒரு நிபந்தனை வந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். எண்ணிக்கையில் பிழை இல்லை நண்பர்களே, எண்ணச் சொன்னவரிடம்தான் பிழை.

ராஜா ஏன் பயந்தார்?

ஒரு பெண் ஒரு பையனை விரும்பினால் நாடா கவிழ்ந்துவிடும்? அப்படிச் சிரித்துவிட்டுப் போக முடியாது. சோழர் சரித்திரத்தைப் புரட்டினால் ராஜாவின் பயம் விளங்கும். இராசராசன் தன் மகள் குந்தவையை வேங்கிச் சாளுக்கிய விமலாதித்தனுக்குக் கொடுத்தான். இராசேந்திரன் தன் மகள் அம்மங்கையை அதே வேங்கியின் இராசராச நரேந்திரனுக்குக் கொடுத்தான். இந்த இரண்டு கல்யாணங்களாலும் வேங்கி நாடு சோழர்களோடு ஒட்டி நின்றது. அம்மங்கை வயிற்றில் பிறந்த பிள்ளைதான் 1070-ல் சோழ சிம்மாசனத்தில் ஏறி முதலாம் குலோத்துங்கன் ஆனான். அதாவது மகளின் பிள்ளை நாட்டையே ஆண்டுவிட்டான்!

அரண்மனையில் பெண்ணின் கல்யாணம் என்பது நாட்டின் பத்திரப் பதிவு மாதிரி. யாருக்கு எழுதிக் கொடுக்கிறோமோ அவர் வம்சத்துக்குப் போய்விடும். அந்தப் பத்திரத்தில் அமராவதி தன் இஷ்டத்துக்குக் கையெழுத்துப் போட்டால் ராஜா சும்மா இருப்பாரா? அவளுடைய மனசு அவளுக்குக் காதல். அவருக்கு அது ராஜ்ய விவகாரம். அதனால்தான் அந்தச் சபையில் நூறு பாட்டும் ஒரு தலையும் பேசப்பட்டன, அமராவதியிடம் மட்டும் 'அம்மா, உனக்குச் சம்மதமா?' என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளை ஒரு திரைக்குப் பின்னால் உட்கார வைத்து எண்ணச் சொன்னதோடு சரி.

இன்னொரு விஷயம். நம்ம பக்கம் திருவிழா என்றால் விடிய விடிய 'வள்ளி திருமணம்' நாடகம். நாடகத் தமிழுக்குத் தந்தை என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) எழுதி வைத்தது. பக்கத்தில் பழநியில் இருக்கும் நம் முருகன், தேவசேனாபதி, வேடர் குலத்துப் பெண்ணைத் தேடித் தினைப்புனத்துக்கு வருகிறார். கிழவன் வேஷம் போடுகிறார், பொய் சொல்கிறார், யானையை விட்டுப் பயமுறுத்துகிறார். கடைசியில் மங்களமாகக் கல்யாணம். ஊரே கும்பிடுகிறது. நான் சாமியைக் குறை சொல்லவில்லை, நானும் கும்பிடுகிறவன்தான். ஆனால் இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேலே இருப்பவர் கீழே இறங்கி வந்து காதலித்தால் திருமணம். கீழே இருப்பவன் மேலே ஏறிப் போய்க் காதலித்தால் மரணம். காதல் ஒன்றுதான். அதிகாரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில்தான் முடிவு இருக்கிறது.

கை வேண்டும், ஆள் வேண்டாம்

இதை இன்னும் பச்சையாகச் சொல்லும் கதை மதுரைவீரன். கூத்து மேடையில் ஆடிய கதை, 1956-ல் எம்.ஜி.ஆர். நடித்துப் படமாகவும் வந்த கதை. அருந்ததியர் தம்பதி வளர்த்த பிள்ளை வீரன். பாளையக்காரர் பொம்மண்ண நாயக்கரின் மகள் பொம்மி வயதுக்கு வந்து தனிக் குடிசையில் இருக்கும்போது, காவலுக்குப் போக வேண்டிய அப்பாவுக்குப் பதிலாக வீரன் போகிறான். காதல் பிறக்கிறது, சண்டை வருகிறது. பொம்மியோடு போய்விடுகிறான். பிறகு மதுரையில் திருமலை நாயக்கர் அவனைக் கூப்பிட்டு அழகர்மலைப் பக்கம் கள்ளர்களை அடக்கச் சொல்கிறார். அடக்கிக் கொடுக்கிறான். அதே வீரன் வெள்ளையம்மாள் மேல் ஆசைப்பட்டதும் மாறுகால் மாறுகை வாங்கத் தீர்ப்பாகிறது!

பார்த்தீர்களா வேடிக்கையை? பெண்ணின் குடிசைக்கு ராத்திரி முழுக்கக் காவல் நிற்க அவன் வேண்டும், அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள மட்டும் அவன் வேண்டாம். கள்ளர்களை அடக்க அவன் கை வேண்டும், வேலை முடிந்ததும் அந்தக் கையையே வெட்டலாம். அம்பிகாபதி கதையும் இதுதான். கம்பர் வீட்டுத் தமிழ் சபைக்கு அலங்காரம், சம்பந்தம் என்று வந்தால் அதே நாக்குக்கு மரண தண்டனை.

என் முடிவு இதுதான்: அதிகாரத்துக்கு நம் திறமை வேண்டும், நம் உறவு வேண்டாம். நம் மேடைக் காதல் சோகங்களின் அடியில் கிடக்கும் உண்மை இது.

திறமை இருந்தால் எல்லாக் கதவும் திறக்கும் என்று நமக்குச் சொல்லித்தான் வளர்க்கிறார்கள். ஓரளவு உண்மைதான். டிப்ளமோ முடித்தவனைக் கம்பெனிக்காரன் மார்க் ஷீட் பார்த்து எடுக்கிறான். தோட்டத்துக் கிணற்று மோட்டார் எரிந்துவிட்டால் "தம்பி, வந்து பாரப்பா" என்று வண்டி அனுப்பிக் கூப்பிடுகிறார்கள். காயில் கட்டும்போது யாரும் சாதி கேட்பதில்லை. ஆனால் அதே வீட்டுப் பெண் அதே தம்பியை விரும்பினால்? அப்போது மார்க் ஷீட் செல்லாது. நூறு பாட்டுப் பரீட்சை ஆரம்பமாகிவிடும்.

முடிவை மாற்றினால் போதுமா?

இந்த மாதிரிக் கதைகளின் சோகத்தைத் தாங்க முடியாமல் ஜனங்கள் முடிவை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். மதுரைவீரனைத் தெய்வமாக்கினார்கள். மதுரை மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுர வாசலில் அவனுக்குச் சன்னதி இருக்கிறது. நம் பக்கத்துக் கிராமங்களிலும் காவல் தெய்வமாக நிற்கிறான். அதுமட்டுமா? அவன் உண்மையில் காசி ராஜாவின் மகன், காட்டில் விடப்பட்டவன் என்று பிறப்பையும் மாற்றிக் கதை சொன்னார்கள். காதலிக்கத் தகுதி வேண்டுமானால் ராஜா மகனாக இருக்க வேண்டும் என்பதுதானே இதற்கு அர்த்தம்?

இந்தக் காலத்திலும் அதே வேலை நடக்கிறது. மேலே சொன்ன தனுஷ் படம் 2025 ஆகஸ்டில் தமிழில் மறுபடி திரைக்கு வந்தபோது, செயற்கை நுண்ணறிவை வைத்துச் செத்துப்போன கதாநாயகன் பிழைத்துக்கொள்வதாக முடிவை மாற்றிவிட்டார்கள். தனுஷும் இயக்குநரும் கடுமையாக எதிர்த்தார்கள். கம்ப்யூட்டரால் செத்தவனை எழுப்பிவிடலாம். அவனைச் சாகடித்த ஏற்பாட்டை யார் மாற்றுவது?

ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டில் எனக்குப் பிடித்த இடம் பால்கனிக் காட்சி இல்லை, கடைசிக் காட்சிதான். இரண்டு பிணங்களையும் பார்த்துவிட்டு, அந்த ஊரை ஆளும் பிரபு இரு குடும்பங்களையும் கண்டிப்பதோடு, தானும் கண்டும் காணாமல் இருந்ததற்காகத் தண்டனை அனுபவிப்பதாகச் சொல்கிறான். அதிகாரத்தில் இருப்பவன் தன் பங்கை ஒப்புக்கொள்கிறான். நம் மேடைச் சோழன் வாயில் அப்படி ஒரு வசனத்தை நான் இதுவரை கேட்டதில்லை. மகனை இழந்த கம்பர் சோழ நாட்டையே விட்டுப் போனார் என்பது கதை. அவருடைய சமாதி இன்றும் பாண்டி நாட்டு நாட்டரசன்கோட்டையில் இருக்கிறது. ஒரு பிடிவாதத்துக்காகச் சோழன் இழந்தது எவ்வளவு பெரிய தமிழை!

உடுமலை ரொம்ப தூரமில்லை

'இதெல்லாம் ராஜா காலத்துக் கதை, இப்போ ஏது ராஜா?' என்று கேட்கலாம். நம்ம ஊரில் பஸ் ஏறினால் பழநி, அதைத் தாண்டினால் உடுமலைப்பேட்டை. 2016 மார்ச் 13 அன்று, அந்த உடுமலை பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில், பட்டப்பகலில், ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு என்ஜினீயரிங் மாணவர் வெட்டிக் கொல்லப்பட்டார். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டதுதான் அவர் செய்த 'குற்றம்'. கூட இருந்த மனைவிக்கும் பலத்த வெட்டு. 2017-ல் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020-ல் உயர் நீதிமன்றம் அதில் ஒருவரை விடுதலை செ்து, ஐந்து பேருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. செத்தவர் நம்மைப் போல ஒரு மாணவர். புத்தகப் பை தூக்கியவர்.

சட்டம் இன்று சோழன் பக்கம் இல்லை, இது நிச்சயம். வயது வந்த இருவர் சம்மதித்துச் செய்யும் கல்யாணத்துக்குக் குடும்பமோ சாதியோ அனுமதி தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 27-ல் சக்தி வாஹினி வழக்கில் சொல்லிவிட்டது. அவர்களைப் பாதுகாப்பது அரசின் கடமை என்றும் சொன்னது. சுயமரியாதைத் திருமணம் அண்ணா காலத்தில் 1967-ல் சட்டமானது. சபையில் அமராவதியிடம் கேட்காத கேள்வியைச் சட்டம் இன்று கேட்கிறது. கேட்க மறுப்பது வீடும் தெருவும்தான். சோழனின் சிம்மாசனம் உடைந்து, ஆளுக்கு ஒரு துண்டாக ஒவ்வொரு தெருவிலும் கிடக்கிறது.

காவலாளிகளுக்கு ஒரு வார்த்தை

உடனே எல்லாரும் காதலியுங்கள் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள்! படிக்கிற வயதில் படிப்புதான் முக்கியம், சொந்தக் காலில் நின்ற பிறகே கல்யாணம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் பேச வந்தது அம்பிகாபதிகளைப் பற்றி அல்ல, காவலாளிகளைப் பற்றி.

மேடையில் ஈட்டியோடு நின்றபோது எனக்குத் தோன்றியது இதுதான். ராஜா கையால் யாரையும் வெட்டுவதில்லை. அவர் கண்ணைக் காட்டுகிறார், காவலாளிகள் இழுத்துப் போகிறார்கள். ஒரு கல்லூரியில் அம்பிகாபதி ஒருவன் இருந்தால் காவலாளி பத்துப் பேர் இருக்கிறோம். யார் யாரோடு டீ குடித்தார்கள் என்று போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது யார்? 'உங்க தங்கச்சியை அங்கே பார்த்தேன்டா' என்று அண்ணனுக்குப் போன் போடுவது யார்? 'நம்ம ஆளுங்க பொண்ணு' என்று ஆள் சேர்ப்பது யார்? நாம்தானே! நமக்குச் சம்பளமும் கிடையாது, பாட்டில் பங்கும் கிடையாது. இருந்தும் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறோம். நாம் ஈட்டியைக் கீழே வைத்துவிட்டால் ராஜா தனி ஆள். அவர் கோபம் வெறும் கோபமாக நாலு நாளில் ஆறிப்போகும்.

நம் மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் ஒன்று. அடுத்த ஆண்டும் அம்பிகாபதியைப் போடுங்கள், கதையை மாற்ற வேண்டாம், முடிவையும் மாற்ற வேண்டாம். ஒரே ஒரு காட்சியைச் சேருங்கள். தீர்ப்புச் சொல்லும் நேரத்தில் அமராவதி திரையை விலக்கிக்கொண்டு சபைக்கு நடுவில் வந்து, அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசட்டும். என்ன பேசுவது என்பதை நம் கல்லூரித் தோழியரே எழுதட்டும்.

அன்றைக்காவது பின் வரிசை நண்பர்கள் எண்ணிக்கையைப் பார்த்துச் சிரிக்காமல், சிம்மாசனத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார்கள் என்று நம்புகிறேன்.

— மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு